நகுலண்ணையின் எஞ்சின் வழக்கு

கடை வாசலில் நகுலண்ணை முதலில் சப்பாத்தைத் துடைப்பார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டுவார். அதன்பின் கையிலிருக்கும் பச்சைக் கோப்பைத் திறந்து, எல்லாக் கடிதமும் திகதி வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். போன வியாழனும் இருந்தது, அதற்கு முந்திய வியாழனும் இருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருக்கிற சின்யோர் லா மந்தியா பெருமூச்சு விட்டு, கையிலிருக்கும் வேலையை ஓரமாக வைப்பார்.

பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. சிலர் நித்திரை கொள்வார்கள், சிலர் பல்லரோச் சந்தைக்குப் போய் மலிவாக மீன் வாங்குவார்கள். நகுலேஸ்வரன் என்ற நகுலண்ணை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் படகுச் சாமான் கடையில் ஏழு வியாழனாக வழக்காடுகிறார். சின்னப் படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற அவருடைய புது எஞ்சின் ஒன்பதாம் நாள் இருமியது. பத்தாம் நாள் நின்றுவிட்டது. கடைக்காரர் லா மந்தியா திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, தண்ணீரால் வரும் சேதத்துக்குக் கரன்ரி கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் நகுலண்ணையைக் கொதிக்க வைத்தது.

"இது கடல்லை ஓடுற எஞ்சின். தண்ணி படாமல் ஓடவேணுமெண்டா, நான் இதை எங்கடை வீட்டுப் பக்கம் சீசா றோட்டிலையோ ஓட்டுறது?"

இதை அவர் இத்தாலியத்திலும் சொன்னார், இன்னும் கொஞ்சம் நீட்டி. இருபத்திரண்டு வருடமாக ஒரு வயதான அவ்வொக்காத்தோவின், அதாவது வக்கீலின், வீட்டில் அவருக்கு வேலை. புத்தக அலுமாரியைத் தூசி தட்டும் நேரத்தில் வக்கீல் தொலைபேசியில் கதைப்பதெல்லாம் காதில் விழும். ஆகவே சந்தையில் தக்காளி விலை கேட்க நகுலண்ணையின் இத்தாலியம் தடுமாறும். 'எனது கட்சிக்காரரின் உரிமைகளுக்குப் பங்கம் வராமல்' என்று சொல்லத் தடுமாறாது. யார் உங்கள் கட்சிக்காரர் என்று லா மந்தியா ஒருமுறை கேட்டார். நகுலண்ணை திரும்பி, சந்தைக்குச் சாமான் இழுத்துக்கொண்டு போகும் இரட்டைச் சில்லுப் பையைக் காட்டினார். அதற்குள் எஞ்சின் இருந்தது. ஒவ்வொரு வியாழனும் பேருந்தில் அவரோடும், அவர் கூட்டிக்கொண்டு போகும் என்னோடும் அதுவும் வரும். வழக்குக்கு ஆள் வராவிட்டால் தள்ளுபடி செய்துவிடுவார்களாம்.

வக்கீலிடமே ஒரு வார்த்தை கேட்கலாமே என்று சொன்னேன். "அவரிட்டைக் கேட்டா வழக்கு அவரின்ரையாப் போயிடும், தம்பி" என்றார். லா மந்தியா நல்ல மனிதர், போகும்போதெல்லாம் கோப்பி தருவார். நகுலண்ணை தொடமாட்டார். எதிர்த்தரப்பின் கோப்பியைக் குடித்தால் வழக்கு பலவீனப்படும் என்பது அவருடைய எண்ணம். அவருடையதையும் சேர்த்து நான்தான் குடிப்பேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போவது மொழிபெயர்க்க அல்ல, சாட்சிக்கு. நான் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, பக்கத்தில் நின்று தலையை ஆட்டினால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சீசாவில் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறேன், வியாழனில் எனக்கும் வேலை இல்லை, தலையும் இருக்கிறது. வேறு தகுதி எதுவும் அவர் கேட்கவில்லை.

கடதாசி விசயத்தில் அவரை அசைக்க ஏலாது. வாங்கிய எந்தச் சாமானின் கையேட்டையும் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். போர்த்துக்கேய மொழிப் பக்கங்களைக்கூட ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மூடுவார். செத்துக் குப்பைக்குப் போன குளிர்சாதனப் பெட்டியின் கரன்ரி அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. தொலைக்காட்சி றிமோட்டோடு வந்த பிளாஸ்ரிக் உறையை யாரும் கழற்ற முடியாது. உறை மங்கி எழுத்து மறைந்துபோனதால், வீட்டில் எல்லோரும் தடவித்தான் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இப்படிப்பட்டவர் எஞ்சினுக்குள் தண்ணீர் விட்டார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நானும் பலமாகத் தலையாட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் அவர் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு ரக்கோமந்தாத்தா, நம்முடைய பதிவுத் தபால், அனுப்பினார். அதையும் நான்தான் உடன் நின்று ஒட்டினேன்.

வீட்டில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மனைவி இராசேஸ்வரி அக்கா உடுப்புக் காயப்போடும் பல்கனியில் எஞ்சின் குடியிருந்தது. மாதம் முடிய முதல் அது ஓடாவிட்டால் படகை மன்னார் ஏர்னஸ்றுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஏர்னஸ்ற் அந்தப் படகை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். சந்தையில் எங்களைக் கண்டால் எஞ்சினின் சுகத்தைத்தான் முதலில் விசாரிப்பார். இன்னும் ஓடவில்லை என்றால் மிகவும் கவலைப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

படகு ஒன்றும் பெரிய படகு இல்லை. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் கட்டியிருக்கிறது. நாலு பேர் ஏறினால் ஒருவர் நீந்த வேண்டும். இதுவரை அவர் பிடித்த மீனைவிட, வெறுங்கையோடு போகக்கூடாது என்று கரையில் வாங்கிக்கொண்டு போன மீன்தான் அதிகம். ஆனால் கிழமை முழுக்க யாரோ மணியடித்தால் எழும்புகிற மனிதர் அவர். சமையலறையில் ஒரு மணி, படுக்கையறையில் ஒரு மணி, வாசலில் ஒரு மணி. படகில் மணி இல்லை. அது எனக்கு விளங்கிய பிறகு, வியாழன் நித்திரை போகிறதே என்று நான் புறுபுறுப்பதை விட்டுவிட்டேன்.

ஆறாவது வியாழன் லா மந்தியா ஒரு புதுக் கதை சொன்னார். எஞ்சினுக்குள் தண்ணீர் மட்டும் இல்லை, ஏதோ மஞ்சளாகவும் படிந்திருக்கிறது, படம் எடுத்து அனுப்பியும் என்னவென்று கம்பனிக்கும் தெரியவில்லையாம். திரும்பி வரும் பேருந்தில் நான் நகுலண்ணையின் முகத்தைப் பார்த்தேன். பூசை போட்டனீங்களோ என்று கேட்டேன். பின்னே போடாமல் விடுகிறதோ என்று அவர் என்னைக் கேட்டார்.

புது வாகனத்துக்குப் பூசை போடாமல் எங்களில் யார் ஓட்டுகிறார்கள்? கார் என்றால் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் வைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் முடிந்தது. எஞ்சினுக்குச் சில்லு இல்லை. ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்குள் பழத்தை வைக்கச் சொல்லியிருக்கிறார். நகுலண்ணை கையால் விசிறியைச் சுற்றி நசுக்கியிருக்கிறார். ஐயர் மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்து அனுப்பிவிட்டார். அதோடு நின்றிருந்தால் எஞ்சின் இன்றைக்கும் ஓடும். ஆனால் அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. மிச்சத் தண்ணீரைச் செம்பில் வாங்கி வந்து, பல்கனியில் எஞ்சினின் மூடியைக் கழற்றி, மூன்று தரம் நிறைய ஊற்றியிருக்கிறார்.

"மூடிக்கு மேலை ஊத்தினா உள்ளுக்கை இருக்கிறதுக்கு எப்பிடிப் போய்ச் சேரும்? ஊரிலை லொறிக்கே ஊத்தினவை. லொறி ஓடினதுதானே."

"லொறியின்ரை பொனற் மூடியைத் திறந்தோ அண்ணை ஊத்தினவை?"

அடுத்த பேருந்துத் தரிப்பில் அவர் பையின் மேல்பக்கத்தை மெல்ல விலக்கி எஞ்சினைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை ரக்கோமந்தாத்தா போகவில்லை.

ஏழாவது வியாழன், அதாவது போன வியாழன், வழக்கை வாபஸ் வாங்கத்தான் போனோம். மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. நகுலண்ணை தொண்டையைச் செருமுவதற்குள் லா மந்தியா எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். வந்த கடிதங்களின் இத்தாலியத்தைப் பார்த்துத் தலைமை அலுவலகம் பயந்துவிட்டதாம். பின்னால் ஒரு பெரிய வக்கீல் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்களாம். புது எஞ்சின் வந்து பெட்டியோடு மூலையில் நின்றது. ஒரேயொரு கையெழுத்துத்தான் பாக்கி. 'பழைய எஞ்சினின் மூடியை நான் திறக்கவுமில்லை, உள்ளே எந்தவிதத் திரவமும் ஊற்றவுமில்லை' என்று அந்தக் கடதாசி சொன்னது.

நகுலண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். மூலையில் நின்ற பெட்டியைப் பார்த்தார். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோமா அண்ணை என்று நான் மெல்லக் கேட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஏர்னஸ்ற் படகிலை இருப்பான் என்றார்.

"பொய் எண்டது ஒரு பக்கம், தம்பி. பூசையே நடக்கேல்லை எண்டெல்லோ என்னை எழுதித் தரச் சொல்லுறான். பிறகு இந்தப் புது எஞ்சினுக்கு ஆர் காவல்?"

லா மந்தியா பேனையை நீட்டினார். நகுலண்ணை பேனையை வாங்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, தீப்பெட்டி அளவிலான ஒரு பிள்ளையார் படத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இவரை ஒருக்கா வெளியிலை கூட்டிக்கொண்டு போம்."

நான் பிள்ளையாரோடு நடைபாதையில் போய் நின்றேன். கடைக் கண்ணாடிக்கு உள்ளே நகுலண்ணை பேனையோடு குனிந்தார். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினார். படம் கடையைப் பார்த்தபடி என் கையில் இருந்தது. அவர் சுட்டுவிரலைத் தூக்கி, திருப்பும் என்று காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நான் திருப்பினேன். போதாதென்று இன்னொரு தரம் காட்டினார். பிள்ளையார் நேராகக் கடலைப் பார்க்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, அவர் மேசைமேல் குனிந்தார்.