ஏழு நிமிஷம் முந்திய கடிகாரம்

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிகளைக் குளிர்காலம் முழுக்க நிறுத்திவைக்கும் கொட்டகை அது. அங்கே வேலை பார்ப்பவரை எல்லோரும் மைனஸ் மாமா என்பார்கள். விளக்குகளை அணைத்து, கூரை சோலாரின் இணைப்பை எடுத்து, பேட்டரியில் முதலில் மைனஸ் வயரைக் கழற்றுவார், பிறகுதான் பிளஸ். அவர் கிட்டே வந்தாலே பேட்டரிகள் கொட்டாவி விடும். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் பிளஸ்ஸில் முதலில் கைவைத்தார். ஸ்பேனருக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே கல்யாண மோதிரம் மாட்டிப் பழுக்கக் காய்ந்தது. விரலைச் சுற்றித் தழும்பு விழுந்தது. அன்றுமுதல் மோதிரம் சட்டைப்பையில்தான்.

"மோதிரம் இல்லாம போனா யாராவது மாப்பிள்ளை கேட்டுடுவாங்களோன்னு பயந்தேன். இப்ப அந்தத் தழும்பே காவல்," என்பார் அவர் மனைவி.

போன குளிர்காலத்தில் ஒரு டீச்சர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். கணவர் இறந்து மூன்று மாதம்.

"இந்தப் பேட்டரிய மட்டும் தொடாதீங்க."

"நாலு மாசம் சும்மா நின்னா அதுவே செத்து..." மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் முன்பக்கக் கடிகாரத்தைக் காட்டினார். ஏழு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. "நான் கிளம்ப லேட் பண்றேன்னு அவர் வச்சது. வயரை எடுத்தா அழிஞ்சுடுமே."

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"விட்டுவச்சாலும் ஒரு நாள் நிக்கும் டீச்சர். யாரும் பக்கத்துல இல்லாதப்ப நிக்கும். அதுக்கு நீங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே நிறுத்திடலாமே."

"அஞ்சு நிமிஷம் குடுங்க."

மாமா வாளியைக் கவிழ்த்துப்போட்டு வெளியே உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கேட்டவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கணவர் சொன்னதில் தப்பே இல்லை.

"கழட்டுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. மைனஸ் கழன்றது, கடிகாரம் அணைந்தது. பிறகு பிளஸ். இரண்டு வயர் முனைகளிலும் ரப்பர் மூடி போட்டார், குழந்தைக்குக் குல்லா மாட்டுவதுபோல.

குளிர் போனதும் டீச்சர் வந்தார். இந்த முறை மாமா வயர்களை மாட்டினார்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கடிகாரத்தில் வெறும் பூஜ்யங்கள் மினுங்கின.

"மணி பத்தேகால். ஏழு நிமிஷம் கூட்டி வைக்கவா?"

"ஏழு எனக்கு எந்தக் காலத்துல போதுமா இருந்துச்சு?" டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பட்டனைக் காட்டுங்க. பத்து நிமிஷமா கூட்டி வச்சுக்கறேன்."