எனக்கு என்ன நடந்தது என்று ஆண்டவரிடம் கேட்டேன்

அன்பான சகோதர சகோதரிகளே, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பிய என்னைப் பார்த்து "சுகமாகிவிட்டாள்" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சுகமாகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாட்களில் செத்திருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

என் பெயர் சுகந்தி. வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியை. கணவர் ஞானசீலன் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். மகள் ஜெனிக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, காலபோக நெல் அறுவடை நேரம், காலையில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயல் பக்கமிருந்து ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. அதற்குமேல் எனக்கு ஞாபகமில்லை. மற்றதெல்லாம் கணவர் சொல்லித்தான் தெரியும். கிளிநொச்சியிலிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்களாம். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததால் சத்திரசிகிச்சை செய்தார்கள். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். நான் கண் விழித்தேன். அதுவே ஒரு அற்புதம்தான்.

தலைமுடி வளர்ந்து தழும்பை மூடியது. ஆனால் உள்ளே நான் பழைய ஆள் இல்லை. "கதிரை" என்று சொல்ல வாயெடுத்தால் "குடை" என்று வரும். ஜெனி சிரிப்பாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் ஒன்றும் விளங்காது. மத்தியானமானால் அடித்துப்போட்டது போலக் களைப்பு. ஆராதனையில் மேளமும் ஒலிபெருக்கியும் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவேன். பாட்டுக்கு ஓடுகிறாள் என்றால் அசுத்த ஆவிதான் என்று சிலர் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கே அப்படித்தான் இருக்குமோ என்று பயம் வந்தது.

ஒருநாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்ததை மறந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். குசினித் திரைச்சீலையில் நெருப்புப் பிடித்தது. ஜெனி உள்ளே நின்றாள். பக்கத்து வளவில் இருக்கும் என் மச்சாள் றஜனி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினா.

"அண்ணை, பிள்ளையை என்னட்டை விடுங்கோ. இவவை நம்பி இனி விடேலாது" என்று என் கணவரிடம் சொன்னா.

அவர் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பிள்ளையின் உடுப்புகளை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அன்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். நீண்ட ஜெபம் செய்ய எனக்கு வார்த்தைகள் இல்லை. "ஆண்டவரே, எனக்கு என்ன நடந்தது? நான் பைத்தியமா, பிசாசு பிடித்தவளா, கெட்டவளா? அதை மட்டும் சொல்லும்." அவ்வளவுதான்.

அந்தக் கிழமையே எனக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக் இருந்தது; கணவரோடு போனேன். சனம் நிறைந்து வழிந்தது. ஒரு பக்கம் பெயர் கூப்பிடுகிறார்கள், மறு பக்கம் குழந்தைகள் அழுகிறார்கள். தாங்க முடியாமல் வெளியே வந்து, மரத்தின் கீழ் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஒரு இளம் பெண் வந்து பக்கத்தில் குந்தினா. நான் முன்பின் கண்டிராத ஆள்.

"அக்கா, சத்தம் தாங்க ஏலாமல் இருக்கோ?"

தலையாட்டினேன்.

"ஒரு சொல்லை நினைக்க வேறொண்டு வருதோ? முந்தி இல்லாத கோவம் வருதோ? கெதியாக் களைச்சுப் போறீங்களோ?"

நான் ஒருவருக்கும் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவ ஒவ்வொன்றாகச் சொன்னா.

"தலையில அடிபட்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப இது உங்கட பிழையில்லை அக்கா. மூளையில பட்ட காயம் இப்பிடித்தான் செய்யும். வெளிக்காயம் ஆறினாலும் உள்காயத்துக்குக் காலம் வேணும். எல்லாம் பழையபடி வரும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனா நிறையத் திரும்பப் பழகலாம்."

"அப்ப பிசாசு இல்லையோ?"

"இல்லை அக்கா" என்று என் கையைப் பிடித்தா.

என் ஜெபத்துக்குப் பதில் அதுதான். நான் கேட்டதை ஆண்டவர் அப்படியே தந்தார்.

காயத்துக்குப் பிறகு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற சிகிச்சையாளர் அவ. உள்ளே நின்ற என் கணவரையும் கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தினா. வீட்டுக்கு வரும் வழியில் அவர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார். "நீர் வேணுமெண்டு செய்யிறீர் எண்டு நினைச்சிட்டன்" என்று சொல்லி றோட்டுக்கரையில் நின்று அழுதார்.

பிறகு வழிகள் திறந்தன. அடுப்பு மூட்டும்போதே கைபேசியில் மணி வைக்கப் பழகினேன். சொற்கள் வருவதற்குப் பேச்சுச் சிகிச்சைக்குப் போனேன். கோபத்தோடு மல்லுக்கட்ட உளவளத்துணையாளர் ஒருவர் உதவினார். பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரைச் சந்தித்த பிறகுதான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு என்னென்ன உதவி உண்டு என்று தெரிந்தது. அவரேதான் தலையில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் கூடும் இடத்தையும் காட்டினார். கண்டாவளையிலிருந்து வந்த ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னபோது, என் கதையை அவ சொல்வது போல இருந்தது.

எங்கள் போதகரிடமும் கணவர் எல்லாம் சொன்னார். போதகர், "ஒலிபெருக்கியைக் குறைச்சா ஆண்டவருக்குக் கேளாமலோ போகும்?" என்றார். அந்த ஞாயிறு நான் ஆராதனை முடியும்வரை உள்ளே இருந்தேன்.

மாதங்கள் போய், ஒரு சனிக்கிழமை மச்சாள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு வந்தா. "மச்சாள், இனி இவள் உங்களோடை இருக்கட்டும்" என்றா. அன்று நான் சமைத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

இப்போது கிழமையில் இரண்டு காலை முன்பள்ளிக்குப் போகிறேன். களைப்பு இன்னும் வரும். சில சொற்கள் இன்னும் ஒளித்து விளையாடும். ஆனால் நான் யார் என்று எனக்குத் தெரியும். என்னைக் கைவிடாதவர் யார் என்றும் தெரியும். அவருக்கே மகிமை.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் விழுந்து எழும்பி ஆள் மாறிப்போன ஒருவர் இருக்கலாம். அவரைக் குறை சொல்லாதீர்கள், பேய் என்று ஒதுக்காதீர்கள். அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய், நடப்பதையெல்லாம் விவரமாகச் சொல்லுங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் சபையில் என்னைக் கேளுங்கள். நான் உங்களோடு வருகிறேன்.