‘லில்லி’யின் மூன்றாவது தூண்

செய்தி வந்தபோது நான் ஒரு கோட்டின் நடுவில் இருந்தேன். டிரேசிங் துணியில் மசிக்கோடு இழுக்கும்போது பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய இடத்தில் மசி தேங்கிப் பொட்டாகிவிடும். பியூன் கதவருகில் நின்று, “நம்ம டர்னர் ஆரோக்கியம் பூட்டாரும்மா, நேத்து சாயங்காலம்” என்றார். நான் கோட்டை முடித்தேன். பேனாவைத் துடைத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது என்னிடம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். அவர் மனைவி செசிலி அக்கா காப்பி கொண்டுவந்து பார்த்து, தூங்குகிறார் என்று நினைத்து, ஆறிவிடாமல் இருக்கத் தம்ளரின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாராம். காசிமேட்டுக் கல்லறையில் எல்லாம் முடிந்து திரும்பும்போது, அந்தத் தட்டைப் பற்றித்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் ராயபுரம் பட்டறையில் அவரோடு வருடக்கணக்காக நின்றவர்கள். பெரிய லேத்தில் கப்பல் தண்டு கடைந்த ஆரோக்கியத்தை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் சின்ன லேத்து ஆரோக்கியம். அவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சின்ன லேத்து, பட்டறை ஸ்டோருக்குப் பின்னால் கடல் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. யாரோ கடிகாரக்காரர் வைத்திருந்ததை மூர் மார்க்கெட்டில் பிடித்து, ஒரு பழைய தையல் மிஷினின் கால்மிதியில் பொருத்தியிருந்தார். பகல் சாப்பாட்டு மணி அடித்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். காலால் மெதுவாக மிதித்துக்கொண்டு, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, சண்டைக்காலத்துத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளிலிருந்து எறும்புக்குக் கூடப் பெரிதாகத் தோன்றாத சாமான்களைக் கடைந்தெடுப்பார். “கடுகுக்கு மறை போடுற ஆளு” என்று உங்களில் யாரோதான் பேர் வைத்தீர்கள். அவர் அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “கடுகு எடுத்தாந்து குடு, போட்டுத் தரேன்” என்பார்.

எங்களைச் சேர்த்துவைத்தது ‘லில்லி’. கம்பெனியின் இழுவைப் படகு; எங்கள் ஆட்கள் வாயில் ‘போட்டு’. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே தோணிகளை இழுத்துக்கொண்டு போய்வரும். ஓர் ஐப்பசி மழையில், எண்ணூருக்கு வெளியே கயிறு அறுந்துபோன ஒரு தோணியைப் பிடிக்கப் போனது. திரும்பி வரவில்லை. படகை ஓட்டிய சாரங்கு காதர் பாயும் அவரோடு நான்கு பேரும் போனார்கள். மிதவை வளையம் ஒன்று மட்டும் திருவொற்றியூர்க் கரையில் ஒதுங்கியது.

இரண்டு வருடம் கழித்து, அலுவலகக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘லில்லி’யின் மாதிரி ஒன்றை வைக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். படகைக் கட்டிய இடத்திலிருந்து வரைபடங்கள் கப்பலில் வந்தன. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அவற்றைச் சுருக்கி வரைவது என் வேலை. மர உடலைத் தச்சர் செய்தார். பித்தளையில் வர வேண்டிய அத்தனையும் ஆரோக்கியம் அண்ணன் பொறுப்பு.

முதல் நாள் அவர் வரைபட அறைக்கு வந்து, என் மேஜைக்கு எதிரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, வூட்ல தையல் ஊசி கீதா?”

“இருக்கிறது அண்ணே. எதற்கு?”

“இருக்கறதுலயே சின்னது நாலு எடுத்தா. ஓட்ட போடணும்.”

கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் தூண்களுக்காகக் கேட்டார். நிஜப் படகில் மூன்றடி உயரம். எங்கள் படகில் முக்கால் அங்குலம். ஒவ்வொரு தூணிலும் இரண்டு குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் கம்பி நுழைந்து போக ஒரு துளை. அந்த அளவுக்குத் துளைக்கும் கருவி எந்தக் கடையிலும் கிடையாது. ஊசியின் நுனியைச் சாணைக்கல்லில் தேய்த்து, இருபுறமும் தட்டையாக்கி, ஈட்டி மாதிரி ஆக்கிக்கொண்டார். துளையிடும்போது மூச்சை நிறுத்திவிடுவார். “மூச்சு வுட்டா ஊசி பூடும். ஊசி பூட்டா தூணு பூடும்” என்றார். முப்பத்தாறு தூண்களுக்கு என் வீட்டு ஊசிகள் எத்தனை போயின என்று கணக்கில்லை. அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

முடிந்த சாமான்களைத் தீப்பெட்டிகளில் போட்டு வைப்பார். வீட்டிலும் அலமாரி முழுக்கத் தீப்பெட்டிதான். ஒரு முறை நான் போயிருந்தபோது செசிலி அக்கா வாசல் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டே சொன்னார்: “பாத்தியாமா? இந்தக் கதவுக்கு ஒரு தாப்பா போடுன்னு மூணு வருசமா கேட்டுகினு கீறேன். பொம்மக் கப்பல் கதவுக்கு மட்டும் தாப்பா ரெடி.”

“அது சின்ன கதவு. சட்டுனு முடிஞ்சுது” என்றார் அண்ணன்.

“அப்ப வூட்டையும் கால் அங்குலத்துல கட்டிக்க. நீயே போயி குடியிரு.”

உண்மையில் அவர் அங்கேதான் குடியிருந்தார் என்று எனக்குத் தோன்றும். நானும் கொஞ்ச காலம் அங்கே இருந்தேன். நாளெல்லாம் அளவுகளைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் மனமும் கூடச் சுருங்கி உள்ளே இறங்கிவிடுகிறது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நிஜமான கிரேன்களும் கிடங்குகளும் தேவைக்கு மேல் பெரிதாகத் தெரியும். கண்ணை மூடினால் ‘லில்லி’யின் தளத்தில் நடப்பேன். சமையல் அறைக்கு இரண்டு படி. சக்கரத்துக்கு எட்டுக் கை. சாப்பாட்டு வேளையில் லேத்துப் பக்கம் நான் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்தால் அண்ணன், “அதுல கடலு வருதா?” என்று மட்டும் கேட்பார். வரவில்லை என்றால் அக்கறையில்லாமல் தலையாட்டுவார். வருகிறது என்றால், “அப்ப சொல்லு” என்று மிதியை நிறுத்திவிடுவார்.

படகின் மணியை அவர் கடைந்து முடித்த நாள் நினைவிருக்கிறது. ஒரு மிளகு அளவு. உள்ளே நாக்கும் இருந்தது. அதை என் காதருகே பிடித்து ஊசியால் தட்டினார்.

“கேக்குதா?”

“இல்லை அண்ணே.”

“எனக்குங் கேக்கல” என்றார். “ஆனா அடிக்குது.”

மாதிரி முடிந்து, கண்ணாடி மூடி மட்டும் பாக்கியிருந்த வாரத்தில், காதர் பாயின் மனைவி ஜைத்தூன் அம்மா வண்ணாரப்பேட்டையிலிருந்து தனியாக வந்தார். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேஜையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். மானேஜரும் ஆரோக்கியம் அண்ணனும் நானும் பக்கத்தில் நின்றோம். அண்ணன் முந்தின நாள்தான் சவரம் செய்த முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“எல்லாங் கீது” என்றார் ஜைத்தூன் அம்மா. “ஆனா இது அவுங்க போட்டு இல்ல.”

மானேஜர் சிரித்தார். “அம்மா, வரைபடத்தில் இருப்பதை அப்படியே செய்திருக்கிறோம்.”

“நா கை வெச்ச எடம் இல்லியேங்க.”

பிறகு சொன்னார். ஒரு முறை குடும்பங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ‘லில்லி’ எண்ணூர் வரை போனதாம். கடல் தூக்கிப் போட்டதாம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காதர் பாய் திரும்பாமலே, ‘எடது பக்கம் மூணாவது தூணப் புடிச்சுக்க, வளஞ்சு கீது, கைக்கு வாட்டமா இருக்கும்’ என்றாராம். கரைக்கு வரும் வரை இந்த அம்மா அதை விடவில்லையாம்.

“ஒடம்பே கெடைக்கல. நாங்க மண்ணு போடலிங்க” என்றார். “போயி நிக்க ஒரு கபுரு இல்ல. இத்தயாவது பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.” துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். “நல்லாத்தான் கீது. யாரோ ஒருத்தரோட போட்டு.”

அவர் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்த பிறகு ஆரோக்கியம் அண்ணன் என்னிடம் சொன்னார். அந்தத் தூண் ஒரு நாள் படகுத்துறைப் பாலத்தில் மோதி வளைந்தது. நிமிர்த்துவதற்குச் சுத்தியலோடு போனவரே அவர்தான். காதர் பாய்தான், ‘உட்ரு நைனா, புடிக்கத் தோதா கீது’ என்று அனுப்பிவிட்டார்.

“எங்கையால உட்டுட்டு வந்த வளைவு, தங்கச்சி. படத்தப் பாத்து செஞ்சேன். போட்ட மறந்துட்டேன்.”

அது எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. முப்பத்தாறு தூண்களில் ஒன்றுகூட மயிரிழை பிசகவில்லை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மானேஜரிடம் போய்க் கேட்டோம். அவர் கெட்டவர் இல்லை. “பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள், ஆரோக்கியம். கோணல் கம்பியைப் பார்த்தால் உன் வேலைதான் கோணல் என்பார்கள். வரைபடத்தில் இல்லாதது மாதிரியில் இருக்கக் கூடாது” என்றார்.

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். எனக்கு ஒரு விஷயம் தெரியும். படகு கட்டும்போது போடுகிற படம் ஒன்று. பிறகு படகில் மாற்றம் ஏதாவது நடந்தால், இருப்பது இருக்கிறபடி இன்னொரு படம் போட்டுக் கோப்பில் சேர்ப்பது வரைபட அறையின் பழக்கம். யாரும் கேட்காமல் நானாக ஒன்றை வரைந்ததில்லை. என் பெயர் எங்கேயும் தெரியாமல் இருப்பதே எனக்கு வசதி. ஆனால் வராந்தாவில் அந்த அம்மா இன்னும் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, படத்தில் இருந்தால் செய்யலாம் என்றுதானே சொன்னார்?”

“எவ்ளோ வளைவுன்னு போடுவ? எனக்கு அளவு தெரியாதே” என்றார். பிறகு அவரே, “இரு” என்று பட்டறைக்கு ஓடினார்.

நிஜத் தூணின் கனத்தில் ஓர் ஈயக் கம்பியோடு வந்தார். கையால் வளைத்தாலே வளையும். அதன் அடியை ஒரு மரக்கட்டையில் நட்டு, ஜைத்தூன் அம்மாவின் எதிரே வராந்தாத் தரையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, கண்ண மூடிக்க. போட்டு ஆடுது. மூணாவது தூணு. புடி.”

“இன்னா தம்பி இது, வெளயாட்டு?”

“புடிங்கக்கா.”

அவர் கண்ணை மூடினார். கை கம்பியைப் பிடித்தது. முதலில் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக உள்பக்கம் அழுத்தியது, கொஞ்சம் விட்டது, திரும்பவும் அழுத்தியது. துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது. வராந்தாவே லேசாக ஏறி இறங்குவதுபோல எனக்கு இருந்தது. அண்ணன் மூச்சை நிறுத்தியிருந்தார்.

“ஆங்” என்றார் ஜைத்தூன் அம்மா, கண்ணைத் திறக்காமல். “இந்தமாரிதான்.”

அந்த ஈயக் கம்பியைக் காகிதத்தில் கிடத்தி, ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் வரைந்தேன். நேர்கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் விலகியிருந்தது. எங்கள் அளவில் ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எள்ளில் பாதிகூட இல்லை. புதிய படத்தில் அந்தத் தூணை மட்டும் வரைந்து, ‘உள்ளபடி’ என்று எழுதி, வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை முழுதாகப் போட்டேன். சரிபார்த்தவர் என்று இன்னொரு கட்டம் உண்டு. அதில் டர்னர்கள் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. அண்ணன் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு தமிழில் எழுதினார்: ‘ஆரோக்கியம், டர்னர். போட்டைப் பார்த்தவன்.’

மானேஜர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இந்த வளைவு எங்கிருந்து வந்தது?”

“சாரங்கு வீட்டம்மா கையிலிருந்து, சார்” என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்திட்டார். “படத்தில் இருக்கிறது. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது?” என்றார்.

வளைப்பதும் லேசாக இல்லை. கடைந்த பித்தளை இறுகிப்போயிருக்கும். வளைத்தால் குமிழில் முறியும். மூன்று முறிந்தன. நான்காவதை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். கருவி எதுவும் இல்லை. “அந்தக்கா கை வளச்சது, கையாலதான் வரும்” என்றார்.

மூடி பொருத்தும் நாளில் ஜைத்தூன் அம்மா வந்தார். தொடலாமா என்று கேட்டார். அவர் விரல் நுனி மூன்று தூண்களை ஒருசேர மறைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், சக்கரம் இருக்கும் அறையைப் பார்த்து, “வரேங்க” என்றார்.

முதலில் செய்த நேரான தூணை இடுக்கியால் பிடுங்கி மேஜையில் வைத்திருந்தார் அண்ணன். அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன்.

“அதுல ஒரு தப்புங் கெடையாது, தங்கச்சி” என்று பூதக்கண்ணாடியில் இன்னொரு தரம் பார்த்தார். “அதான் அதுல தப்பு. வெச்சுக்க.”

காசிமேட்டிலிருந்து திரும்பிய அன்று நான் ‘லில்லி’ இருக்கும் கூடத்துக்குப் போகவில்லை. வரைபட அறைக்குப் போய், மேஜையின் உள்ளறையில் இருக்கும் தீப்பெட்டியைத் திறந்து, அந்தத் தூணை உள்ளங்கையில் கொட்டினேன். கனமே இல்லை. கண்ணுக்கு மிக அருகில், ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். என் வீட்டு ஊசி போட்ட துளை. அதில் ஒரு புள்ளி வெளிச்சம். இங்கிருந்து அந்தத் திசையில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. கை ஆடிவிடக் கூடாதே என்று நான் மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன்.