பயத்துக்குப் போட்ட கட்டு

கூமாப்பட்டிப் பக்கம் நடக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஊனமுற்றோர் பென்ஷனை நிறுத்திவிட்டார்களாம். பாண்டிசெல்வி இதைக் கண்ணால் கண்டுவந்து சொல்லவில்லை. வத்திராயிருப்பு பஸ்ஸில் அவளுக்கு முன்சீட்டில் இருந்த பெண் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கும் அவள் கொழுந்தன் சொன்னதுதானாம். கொழுந்தனுக்கு யார் சொன்னது என்று கேட்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள். இருந்தாலும் செட்டியார்பட்டிக்கு வந்து சேர்ந்த பாண்டிசெல்வி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஷமீமாவின் வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றாள்.

“கம்பு ஊணாம நாலு எட்டு வச்சுட்டாப் போதுமாம்க்கா. பேரை அடிச்சுருதாங்களாம்.”

ஷமீமா தரையில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்து யூனிட்டிலிருந்து லோடு ஆட்டோவில் வரும் துணியை ரோலாகச் சுற்றி, தாளில் பொதிந்து, பண்டல் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. பேசிக்கொண்டே சுற்றுவாள், சிரித்துக்கொண்டே சுற்றுவாள், சண்டை போட்டுக்கொண்டும் சுற்றுவாள். அந்தக் கை அன்றைக்குத்தான் பாதி ரோலில் நின்றது.

மத்தியானத்துக்குள் பேச்சு ஊரைச் சுற்றிவந்து இன்னும் பெரிதாகிவிட்டது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இல்லையாம். கைவேலை பார்க்கிறவர்களுக்கு அறவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் காட்டுகிற காப்பீட்டு அட்டையையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்களாம். இத்தனையிலும் உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உதவித்தொகை வாங்குகிற மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டையோடு வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவ முகாமுக்கு வர வேண்டும் என்று ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தது. எதற்கு என்று தாளில் இல்லை. தாளில் இல்லாததை ஊரே எழுதிக்கொண்டது.

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவள் ஷமீமா. அத்தா மதார் சாகிப் ராஜபாளையத்தில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு அண்ணன் நவாஸின் வீடே அவளுக்கு வீடு. மைனி கெட்டவள் இல்லை. சோற்றில் குறை வைத்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரது என்று கேட்டால், “அவியளுக்குத் தங்கச்சி, பாவம்” என்பாள். அந்தப் ‘பாவம்’ பேருக்குப் பின்னால் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஷமீமா தண்ணீர் குடிக்க எழுந்தால் வீட்டில் நாலு பேர் ஒரே குரலில் உட்காரச் சொல்வார்கள். நாற்பது வயதை நெருங்கும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று அரசாங்கத்தில் கிடைத்ததும்தான் எழுந்தாள். அதை ஓட்டிப் பழகி, பேண்டேஜ் வேலையைப் பிடித்து, செட்டியார்பட்டியில் ஒற்றை அறை வீட்டுக்கு வாடகை பேசி முடித்துவிட்டு வந்து அண்ணனிடம் சொன்னாள். வேலையில் வருவது வயிற்றுக்கு, பென்ஷன் வாடகைக்கு. நவாஸ் குதித்தான். சொந்தபந்தம் உட்கார்ந்து பேசியது. கடைசியில் ஷமீமா எல்லார் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்தாள்: “பென்ஷன் என்னைக்கு நிக்குதோ, அன்னைக்கு நானாத் திரும்பி வந்துருதேன்.”

அந்த வாக்கை நவாஸ் பத்திரமாக வைத்திருந்தான். மாதம் பிறந்தால் போன் போட்டு, வந்துவிட்டதா என்று கேட்பான். தங்கை மேலுள்ள அக்கறையா, வாக்கு எப்போது பலிக்கும் என்ற எதிர்பார்ப்பா என்று அவளுக்குப் பிடிபட்டதில்லை. கூமாப்பட்டிப் பேச்சு அவன் காதுக்கும் போய்விட்டது. சாயங்காலமே கூப்பிட்டான்.

“பின்கட்டு ரூமை வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன். நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத.”

அதைக் கேட்ட பிறகுதான் ஷமீமாவுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

யோசனை சொன்னவர் சங்கையா. பஞ்சு மில்லில் இடது கையை முழங்கைக்குக் கீழே மிஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். வெட்டுப்பட்ட கை முளைத்துவிட்டதா என்று பார்க்கக் கூப்பிடுகிறார்கள் போல என்று முதலில் சிரித்தார். சிரித்து முடித்ததும், ஷமீமாவின் அறையில் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்த பண்டல்களை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏத்தா, ஊரு உலகத்துக்கே கட்டுத்துணி அனுப்புதோம். நமக்கு நாலு ரோல் கிடையாதா? கட்டோட போனா எவன் எந்திரிச்சு நடன்னு சொல்லுவான்?”

அவ்வளவுதான், தெருவே பற்றிக்கொண்டது. கல்யாண வீடு மாதிரி வியாழக்கிழமை விடியும் முன்பே ஷமீமாவின் வாசலில் கூட்டம். மில் பஸ் கவிழ்ந்ததில் இடுப்பு ஒடிந்து சாய்ந்து நடக்கிற பாண்டிசெல்வி, தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அது பாவாடை நாடா மாதிரி தொங்கியது. ஷமீமாவுக்குப் பொறுக்கவில்லை. துணி கோணிப்போனால் அவளுக்குக் கை அரிக்கும். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து அவளே கட்டினாள். மீன்முள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் சுற்று. ஒரு சுருக்கம் கிடையாது. இருக்கிற கையையும் சேர்த்துக் கட்டச் சொன்ன சங்கையா, அப்புறம் டீ டம்ளரை எப்படிப் பிடிப்பது என்று யோசித்து ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் தன் கால். சூம்பிய காலைத் தொடைவரை சுற்றினாள். நல்ல காலை ஏன் சும்மா விடுகிறாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதையும் சுற்றினாள். சுற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கூட்டரைத் தொட முடியவில்லை. பாண்டிசெல்விதான் கதவைப் பூட்டினாள். துணி கொண்டுவருகிற பால்ச்சாமியின் லோடு ஆட்டோவில் பண்டலோடு பண்டலாக நாலு பேர் அவளைத் தூக்கி வைத்தார்கள். தூக்கும்போது எவனோ பின்னாலிருந்து, “பாத்து, பாவம்” என்றான்.

மற்றபடி பயணம் ஒரே கும்மாளம். முன்னால் லோடு ஆட்டோ, பின்னால் ஐந்தாறு பக்கச் சக்கர வண்டிகள், எல்லாரும் வெள்ளைக் கட்டு. ராஜபாளையம் ரவுண்டானாவில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் எங்கே விபத்து என்று பதறிப்போய் வழிவிட்டார். சங்கையா கட்டுப்போட்ட கையை உயர்த்தி அவருக்கு நன்றி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்வரை சிரிப்பு ஓயவில்லை.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் நடந்தது. ஏற்கெனவே நல்ல கூட்டம். அதில் கூமாப்பட்டிக்காரர்களும் இருந்தார்கள். பாண்டிசெல்விக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊன்றுகோலோடு நின்ற ஒருவரிடம் போய், உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு நின்றது என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டாள். அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க ஊர்லயா? செட்டியார்பட்டியிலதான நிறுத்திட்டாங்கன்னு நாங்க பயந்து வந்திருக்கோம்.”

செட்டியார்பட்டிக் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. முதலில் சங்கையாவைப் பார்த்தார், அடுத்து பாண்டிசெல்வியை, அப்புறம் வரிசை முழுவதையும். எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டார். சங்கையா வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். பாண்டிசெல்வி மாடு முட்டியதாகச் சொன்னாள். ஷமீமா பெஞ்சில் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தாள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் ஏதோ சொன்னார். கிளார்க் எழுந்து சத்தமாக அறிவித்தார்: காயத்தோடு இருப்பவர்களை அளந்து எழுத முடியாது, காயம் ஆறிய பிறகு அடுத்த முகாமுக்கு வரவேண்டும், அடுத்த முகாம் எப்போது என்று இன்னும் உத்தரவு வரவில்லை, அதுவரை நிலுவை.

சங்கையா மெதுவாகக் கேட்டார், நிலுவை என்றால் பணம் வருமா என்று.

“நிலுவைன்னா நிலுவைதான். வராது.”

வராந்தாவில் அப்புறம் நடந்ததைக் கூமாப்பட்டிக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் கட்டைப் பிரித்தார்கள். முடிச்சு அவிழவில்லை, ஷமீமா போட்ட முடிச்சு லேசில் அவிழாது. சங்கையா பல்லால் இழுத்தார். பாண்டிசெல்வியின் இடுப்புக் கட்டின் நுனியை ஊன்றுகோல்காரர் பிடித்துக்கொள்ள, அவள் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தாள். வராந்தா முழுக்கத் துணி. நடந்துபோன நர்ஸ் ஒருத்தியின் காலைச் சுற்றிக்கொண்டு அது அவளோடு போனது. கிளார்க் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டினார்.

ஷமீமா மட்டும் பிரிக்கவில்லை. பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

“காயம் யாருக்கும் இல்லம்மா. இது பயத்துக்குப் போட்ட கட்டு. நாந்தான் போட்டேன்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. கட்டைப் பிரித்துவிட்டு நடந்து காட்டச் சொன்னார். ஷமீமா இரண்டு கால்களையும் பிரித்தாள். ரத்தம் சுரீர் என்று பாதத்துக்கு இறங்கியது. பின்னாலிருந்து சங்கையா, “இழுத்து நட ஆத்தா, நல்லா இழுத்து நட” என்று முணுமுணுத்தார்.

இழுத்து நடக்க அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இடது முட்டியில் கையை ஊன்றி, ஒரு தள்ளு தள்ளி, அந்த வேகத்திலேயே அடுத்த அடி வைப்பது அவள் நடை. தெருவில் தண்ணீர்க் குடத்தோடும் அப்படித்தான் நடப்பாள். வராந்தாவின் கோடிவரை அப்படியே போனாள், அப்படியே திரும்பினாள். காலை அளந்தார்கள். என்ன வேலை என்று கேட்டதற்குச் சொன்னாள். எதில் போய் வருகிறாள் என்று கேட்டதற்கும் சொன்னாள். சங்கையா தலையில் கைவைத்துக்கொண்டார். வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

“நானேதான். தனியாத்தான் இருக்கேன். பென்ஷன்லதான் வாடகை குடுக்கேன்.”

அதையும் எழுதினார்கள். நிறுத்திவிடுவீர்களா என்று ஷமீமா நேராகவே கேட்டாள். தான் பார்த்ததை எழுதியிருப்பதாகவும், நிறுத்துவது கொடுப்பது எதுவும் தன் கையில் இல்லை என்றும், அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்றே தனக்குத் தெரியாது என்றும் டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தால் ஒரே விவாதம். நின்றுவிடும் என்று ஒரு கட்சி, நிற்காது என்று ஒரு கட்சி. வேலை பார்ப்பதை எதற்குச் சொன்னாய் என்று இரண்டு கட்சியும் சேர்ந்து ஷமீமாவை வைதது. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. காலையில் கட்டியிருந்த நேரம் முழுக்க ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டே வந்தது. அது என்னவென்று இப்போது விளங்கிவிட்டது. லோடு ஆட்டோவில் தூக்கி வைக்கப்பட்டு, அடுத்தவள் கதவைப் பூட்ட, உட்கார்ந்தே வந்தாளே, அதுதான் அண்ணன் வீடு. அந்தப் பின்கட்டு ரூமுக்கு ஒரு நடை போய்வந்துவிட்டாள். இனி ஒருமுறை முடியாது. மேலே எவன் என்ன எழுதினாலும் முடியாது.

போனை எடுத்தாள். பாண்டிசெல்வி எட்டிப் பார்த்தாள்.

“அண்ணனுக்கா? முடிவு தெரியாம என்னக்கா சொல்லப் போற?”

“குடுத்த வாக்கைத் திருப்பி வாங்கப் போறேன்.”

“தெரிஞ்ச பொறவு சொல்லேன். நிக்கலைன்னா சண்டையே தேவையில்லையே.”

“நிக்கலைன்னா அதுனால இருக்கேன்னு ஆயிரும். நின்னா அதுனால போறேன்னு ஆயிரும். ரெண்டும் எனக்கு வேண்டாம்ட்டி. இப்பவே சொல்லணும்.”

வாடகைக்கு என்ன செய்வாய் என்று பாண்டிசெல்வி கேட்டாள். கூடுதலாக ரோல் வாங்கிச் சுற்றுவேன், இல்லாவிட்டால் உன்னைக் கூட்டிவந்து பாதி வாடகை வாங்குவேன் என்றாள் ஷமீமா. பாண்டிசெல்விக்கு அது மிரட்டலா அழைப்பா என்று புரியவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது.

போனில் மணி அடித்தது. நவாஸ் கடையில் இருக்கிற நேரம். எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை ஷமீமா வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்: அண்ணே, ரூமுக்கு வெள்ளையடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும், நான் வரலை. மணி அடித்து அடித்து அடங்கியது. திரும்பவும் போட்டாள். பால்ச்சாமி ஆட்டோவைக் கிளப்பி ஹாரன் அடித்தார். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஷமீமா வெயிலில் நின்றாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.