எல்லாருக்கும் வருகிற கழுத்து வலி

பூண்டு பிடுங்கி முடிந்ததும் எங்கள் மலைக்கிராமமான போளூரில் பாதிப் பேர் ஒரு கையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். தாளோடு கட்டிய பூண்டை அடுப்புக்கு மேலே கம்புகளில் தொங்கவிட்டுப் புகை காட்ட வேண்டும். நாள் முழுக்க அண்ணாந்துகொண்டே வேலை. "கழுத்து ஒடியுது" என்று ஒருத்தி சொன்னால், "எனக்கு மட்டும் என்ன நல்லாவா கெடக்கு?" என்பாள் இன்னொருத்தி. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். எனக்கு மட்டும் அப்படி முடியாது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே பழுதாகிப்போகிற நோய். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் இன்றுவரை வாயில் நுழையவில்லை, "அந்த நரம்புச் சோலி" என்பார். இந்த வருடம் பூண்டுக் கட்டு மாட்டிக்கொண்டிருந்த இரண்டாம் நாள், இடது கழுத்திலிருந்து தோள்பட்டை வரை இறுக்கிப் பிடித்தது. அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். வலியைவிடப் பயம்தான் அதிகம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நோய் இன்னதென்று தெரியாதபோது, அதுவும் கழுத்தில்தான் ஆரம்பித்தது. சுளுக்கு என்று நினைத்தேன். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர்கள், சுளுக்குப் பிடித்த இடத்தில் மூன்று தடவை காலை வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பக்கத்து வீட்டு மதினி அப்படிப் பிறந்தவர். ஊரில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவர் வாசலுக்குத்தான் போவார்கள். எனக்கும் கால் வைத்தார். பதினோரு நாள் பொறுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மருந்து ஏற்றியும் அந்தக் கை பாதிதான் திரும்பி வந்தது.

ஊருக்கு வந்ததும் மதினி என்னைப் பார்க்க வந்தார். நான் எல்லார் முன்னாலும், "உங்க காலு பட்டுத்தான் என் கை போச்சு" என்றேன். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் கால் வைப்பதில்லை. அவர் காலுக்கும் என் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று மதுரை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதைப் போய்ச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. என் வாய் அப்படி, திட்டுவதற்கு மட்டும் வெரசாக வரும்.

இப்போது வலி இடது பக்கம். இருப்பதே அந்த ஒரு நல்ல கை. இதுவும் போனால் சோறு பிசைய, சேலை கட்ட யாரை எதிர்பார்ப்பது? போன தடவை தாடை நெஞ்சில் முட்டக் குனிந்தால் முதுகில் கரண்ட் இறங்குகிற மாதிரி சுரீரென்று ஓடும். அது வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. பல் விளக்கும்போது பார்த்தேன். உலை வைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை, ஆனால் வலி கூடிக்கொண்டே போனது.

வீட்டுக்காரர் உப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். "ஒத்தடம் குடுக்கட்டா?"

"சூடு பட்டா எனக்குக் கையி காலு தொவண்டு போகும்னு எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?"

அவர் அதைத் தன் தோளிலேயே வைத்துக்கொண்டார். "வெள்ளனே மொத பஸ்ஸப் புடிப்போம்" என்றார்.

மதுரையில் டாக்டர் கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிஞ்சு பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"அம்பது இருக்கும்."

"அப்புறம் கழுத்து வலிக்காம என்ன செய்யும்?"

நோயின் புதிய தாக்குதல் இல்லையாம். வலது கை வேலையையும் சேர்த்து இடது தோள் இழுக்கிறது, அதன் மேல் பூண்டு வேலை, அதன் மேல் என் பரிசோதனை. கை மரத்தாலோ தளர்ந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் வரச் சொன்னார். கழுத்தை யாரும் திருகவோ மிதிக்கவோ கூடாது என்றார். திரும்பும் பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

"நல்லதுதான சொன்னாரு, ஏன் அழுவுற?"

"ஊருக்கே வர்ற வலி எனக்கும் வந்திருக்குங்க. சந்தோசமா இருக்கு."

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. மதினி வாசலில் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். "மதினி, கழுத்து வலிக்குது. கொஞ்சம் காலு வைங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "வேணாம் தாயி. அதெல்லாம் விட்டாச்சு."

"அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்க காலுக்கும் என் கைக்கும் சம்பந்தமில்லேன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. நாந்தான் உங்ககிட்ட சொல்லல."

"மூணு வருசமாவா?"

"மூணு வருசமா."

கட்டு அவர் மடியிலேயே கிடந்தது. பிறகு அதை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "மிதிக்க வேணாம் மதினி, தொட்டாப் போதும்" என்றேன்.

ஈரக் கால் தோளில் பட்டது, எடுத்தார். இரண்டாவது தடவை வைத்து எடுத்தார். மூன்றாவதுக்குக் காலைத் தூக்கவில்லை.

"கைய ஒரு தடவ மடக்கிக் காட்டு" என்றார்.

மடக்கிக் காட்டினேன். விரல்களை விரித்தும் காட்டினேன். அதற்குப் பிறகுதான் மூன்றாவது தடவை வைத்தார்.