பொதுச் சுவரில் விட்ட வெடிப்பு

பக்கத்து வீட்டுக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. மன்னித்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். என் மனசு அப்போதே லேசாகிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் புதுப்பட்டினத்தில் நாங்கள் வாங்கியது பாதி வீடு. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து கட்டிப் பிறகு பாகம் பிரித்துக்கொண்ட வீடு. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரே பொதுச் சுவர். தம்பியின் பாதியை அவருடைய பிள்ளைகள் எங்களுக்கு விற்றார்கள். அண்ணனின் பாதியில் அவருடைய மகன் இருந்தார். கல்பாக்கம் அணுமின் புராஜெக்டுக்கு ஜல்லி அடிக்கும் லாரி வைத்திருந்தார். தெருவுக்கே அவர் 'அண்ணாத்த'. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் புராஜெக்டில் எலக்ட்ரீஷியன் வேலை. வீடு வாங்கியது ஆபீஸ் கடனில். தீ, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் வீட்டை இன்ஷூர் செய்து பாலிசியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது கடனுக்கு நிபந்தனை. காட்டாவிட்டால் மொத்தக் கடனையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்வார்கள். கட்டுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது, மண்ணாங்கட்டி! வீட்டைத்தான் விற்க வேண்டும். அதை அடிமாட்டு விலைக்கு வாங்க ஓர் ஆள் சுவருக்கு அந்தப் பக்கமே காத்திருந்தார். சித்தப்பன் பாதி வெளியாளுக்குப் போனதில் அவருக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

பாலிசிக்கு எழுதிப் போட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வருவார் என்று நாங்கள் காத்திருந்தபோது, அண்ணாத்த தன் பக்கம் பொதுச் சுவரை ஒட்டிக் கிணறு தோண்டினார். எங்கள் ஊர் மண் வெறும் மணல். தோண்டத் தோண்டச் சரியும். அதனால் சிமெண்ட் உறையை இறக்கிக்கொண்டேதான் தோண்டுவார்கள். அந்த மகானுபாவர் செலவுக்குப் பயந்து உறையே இறக்கவில்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மணல் அவருடைய கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே எங்கள் கூடத்துச் சுவரில் உத்தரத்திலிருந்து தரைவரை வெடிப்பு விட்டது. என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று.

கேட்கப் போனேன். "இன்னா தங்கச்சி, பழஞ்செவுரு வெடிக்காம இன்னா பண்ணும்? கெணத்து மேல பழிய போடாத" என்றார். விடவில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினேன். கெங்கையம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து. அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? தட்டில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். "இந்த வெடிப்பு பத்து வருசமாவே கீது. ஆத்தா மேல சத்தியம்" என்று உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். கற்பூரம் அணைத்த பிறகு யார் பேசுவார்கள்? பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பொய்க்காரி மாதிரிப் பார்த்தார்கள். "இருடா, உனக்கு வைக்கிறேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து அழுதேன் என்பதும் உண்மை.

செங்கல்பட்டிலிருந்து இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து, சட்டையெல்லாம் வேர்வை. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நேரே வெடிப்பிடம் போய் நின்றார். பேனா மூடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இது எப்பம்மா விட்டது?"

கிணற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். யார் கூப்பிட்டார்களோ, அண்ணாத்த உள்ளே வந்து நிற்கிறார்.

"சார், இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. பத்து வருசமாவே இப்டித்தான் கீது. நான் பொறந்து வளந்த வூடு, எனக்குத் தெரியாதா? பாவம், இவங்க தெரியாம வந்து மாட்டிக்கினாங்க. மழைக்குத் தாங்காது சார். எழுதிக் குட்த்துட்டுப் போங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஆனால் அந்த நிமிஷத்தில் ஒன்று பளிச்சென்று பட்டது. வீட்டை ஈடு வைத்து வாங்கிய லாரிக் கடனுக்காக பாங்கில் கேட்டார்கள் என்று போன வருஷம்தான் அவரும் தன் பாதிக்கு இதே ஆபீஸில் பாலிசி எடுத்திருந்தார். தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டதும் அவர்தான். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசினேன்.

"அண்ணாத்த சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். கோயில்ல கற்பூரம் அணைச்சே சொல்லிட்டாரு. அவருக்கும் இதே செவுருதானே? போன வருசம் உங்க ஆபீஸ்லதான் பாலிசி எடுத்தாரு. அவரையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "பொதுச் சுவரா? வெடிப்பு ஒண்ணும் இல்லைன்னுதானே நீங்க எழுதிக் கொடுத்திருப்பீங்க? பத்து வருஷமா இருக்குன்னா, அன்னிக்கு எங்கே போச்சு?"

அடடா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அது வந்து சார்... எங்க பக்கம் ஒண்ணுமே இல்ல சார்..." என்று இழுத்தார். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, அண்ணாத்தயின் வீட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். சுவரோரம் இருந்த இரும்பு பீரோவை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால், எங்கள் வெடிப்புக்கு நேர் முதுகில், அதே வெடிப்பு. வெளியே சுவரை ஒட்டி உறையில்லாமல் கிடந்த கிணற்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் நின்று இன்ஸ்பெக்டர் தீர்ப்பு மாதிரிச் சொன்னார். அண்ணாத்தயின் பாலிசியை நிறுத்திவைக்க ஆபீஸுக்கு எழுதுவாராம். எங்களுக்கும் இப்போதைக்குக் கிடையாதாம். சுவரை அடியிலிருந்து பிரித்துக் கட்டி, கிணற்றுக்கு உறை இறக்கினால் இரண்டு பேருக்கும் தருவாராம். பொதுச் சுவர் என்பதால் இரண்டு வீட்டாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அதில் கை வைக்க முடியும்.

பாங்கிலிருந்து ஆள் வந்து லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். பாலிசி இல்லையென்றால் லாரி இல்லை. மறுநாளே அண்ணாத்த சம்மதப் பத்திரத்தோடு வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு வேறு.

"எல்லா செலவும் என்னுது தங்கச்சி. உறையும் நானே எறக்கறேன். நீ ஒரு கையெழுத்து போடு, போதும்."

"போடறேன். அன்னிக்கு கற்பூரம் அணைச்ச எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, பொய் சத்தியம் பண்ணேன்னு சொல்லுங்க. அப்பால போடறேன்."

பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பழத்தை அவர் வாசலிலேயே திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பைத்தியமா நீ? சுவரைக் கட்டினாத்தான் நமக்கும் பாலிசி. ஆபீஸ்ல கெடு குடுத்துட்டாங்க. வீடே போயிடும்டி!"

"போவட்டும். பொய்க்காரின்னு பேரு வாங்கிக்கினு இந்த வூட்ல நான் இருக்க மாட்டேன்."

அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்றது. பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். சாதம் இறங்கவில்லை. அண்ணாத்தயின் பெண்சாதி வந்து அழுதாள். நான் அசையவில்லை. ஆபீஸ் கெடு முடிய இருந்த வாரத்தில் லாரியை பாங்கு ஆட்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். பாலிசியைக் காட்டினால்தான் திரும்பும். அன்று சாயங்காலமே கோயில் வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது என்று ஓர் ஆள் வந்து கூப்பிட்டான்.

புடவையை மாற்றிக்கொண்டு நிதானமாகப் போனேன். அதே பெரியவர்கள். அண்ணாத்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெணறு தோண்டினதாலதான் வெடிச்சுது. நான் பண்ணது பொய் சத்தியம்" என்று முணுமுணுத்தார்.

என் வீட்டுக்காரர் பேனாவை என் கையில் திணித்தார். நான் வாங்கவில்லை. பின்வரிசையில் காது மந்தமான பெரியவர் ஒருவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னா சொல்றான், இன்னா சொல்றான் என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, பெரியவருக்குக் கேக்கலியாம். இன்னொரு தபா, சத்தமா சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டுத்தான் பேனாவை வாங்கினேன்.