கோப்பாய்க் கிணற்றடியில் பிடித்த தவளைகள்

காலை ஏழரைக்கு நெல்லியடியில் பஸ் ஏறினோம். என் மடியில் பனிக்கட்டிப் பெட்டி, பக்கத்தில் சிநேகிதி சுபா. யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றில் தவளை நோய்களைச் சோதிப்பது அவள் வேலை. என்னைக் கிணற்றுத் தவளை என்று என் அக்கா ஏசுவாள். அன்று தவளை பார்க்கவே கிணற்றடிக்குப் புறப்பட்டேன்.

வல்லை வெளிக் காற்றில் பாதித் தூக்கம் போனது. நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டிக் கோப்பாயில் இறங்கி, ஒழுங்கையால் நடந்தோம். எங்களை வரச்சொன்ன தவமணி அக்கா வீட்டு வாசல் படலையிலேயே காத்து நின்றார். அவர் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மாதமாகத் தவளைகள் செத்துக்கிடக்கின்றன. தோட்டத்துப் பூச்சிமருந்து தண்ணீரில் கலந்துவிட்டது என்று ஊர் கதைக்கிறது. அயலார் அந்தக் கிணற்றில் அள்ளுவதையே விட்டுவிட்டார்கள்.

"வாங்கோ, இருங்கோ. பயப்பிடாதேங்கோ, இது போத்தில் தண்ணியிலை போட்ட தேத்தண்ணி" என்றார்.

நல்ல தண்ணீருக்குப் பேர்போன கோப்பாயில், விருந்தாளியிடம் இப்படிச் சொல்லவேண்டியிருந்தது அவருக்கு.

எங்களுக்காக ஒரு வாளியில் ஏழெட்டுத் தவளைகளைப் பிடித்தும் வைத்திருந்தார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"உங்கடை கை நாறுமெண்டு மஞ்சள் தண்ணியிலை கழுவி வைச்சிருக்கிறன்."

சுபா தலையில் கை வைத்தாள். "ஐயோ அக்கா! ஒண்டின்ரை நோய் மற்றதுக்கு ஒட்டியிருக்கும். இதுகளைச் சோதிக்கேலாது."

பிறகென்ன, வெங்காயப் பாத்திகளுக்குள் நாங்கள் மூவரும் தவளைகளின் பின்னால் பாய்ந்தோம். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. சுபா அதன் வயிறு, தொடை, விரலிடைச் சவ்வு எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தடவி, குச்சியைச் சிறு குழாயில் அடைத்துப் பனிக்கட்டிக்குள் வைத்தாள். பிள்ளைக்கு மைபூசுகிற பக்குவம் அவள் கையில் இருந்தது.

தவளைத் தோலைத் தின்று கொல்லும் பங்கசு எனும் பூஞ்சணம் ஒன்று உலகமெங்கும் பரவுகிறதாம். மனிதருக்கு அதனால் கேடில்லை. அது இங்கே வந்திருக்கக்கூடாது என்பது சுபாவின் கவலை. தவமணி அக்காவின் வேண்டுதல் வேறு.

"பங்கசாத்தான் இருக்கோணும், பிள்ளை. அப்பதான் தண்ணியிலை பிழையில்லையெண்டு சனம் நம்பும். நல்லூரானுக்கு நேந்திருக்கிறன்."

தவளைக்கு நோய் வரவேண்டும் என்று நேர்ந்தவரை நான் கண்டதில்லை. சிரிக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் ஆய்வுகூடத்தில் முடிவைப் பார்த்தேன். குழாய்களை இயந்திரம் மாறிமாறிச் சூடாக்கிக் குளிர்விக்கிறது. பங்கசின் மரபணு துளி இருந்தாலும் அது பெருகி, திரையில் கோடு மேலே எழும்பும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பங்கசு மாதிரியின் கோடு எழுந்தது. கோப்பாய்த் தவளைகளின் கோடுகள் கடைசிவரை படுத்தே கிடந்தன. சுபா கை தட்டினாள். தட்டிய கையை உடனே நிறுத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானமே கோப்பாய்க்குப் போய்ச் சொன்னோம். தவமணி அக்கா கிணற்றடி வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மஞ்சள் தண்ணியிலை கழுவினதாலை போயிருக்குமோ?"

"கழுவாததுகளைத்தானே பாத்தனாங்கள், அக்கா. அதுகளிலையும் இல்லை" என்றாள் சுபா. தண்ணீரில்தான் குறை என்று இதனால் முடிவாகாது, அதை வேறாகச் சோதிக்கவேண்டும் என்றும் சொன்னாள். அவர் காதில் அது விழுந்ததோ தெரியாது. எழுந்துபோய்க் கிணற்றில் அள்ளி, சுபா நீட்டிய இரண்டு போத்தல்களையும் நிரப்பித் தந்தார்.

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கொதிக்கிற வெயில். போத்தல்கள் என் மடியில் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன. பக்கத்து இருக்கைப் பெரியவர் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, உந்தத் தண்ணியிலை ஒரு மிடறு தாறியே?"

எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது.

"இது குடிக்கேலாது, ஐயா" என்றேன். தவமணி அக்கா ஒரு மாதமாக வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.